விளக்கடியில் கஞ்சா வளர்க்கலாமா? பதுளைத் தோட்டங்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு தம்பி அந்த விளக்கைப் போட்டுக் காட்டினார். சுவர், தகரக் கூரை, கொடியில் காய்ந்த அம்மாவின் சேலை எல்லாமே ஒரு நொடியில் கத்தரிப்பூ நிறமாகிவிட்டன. "கஞ்சா வளர்க்கிற லைட் இதுதானாம் அண்ணே. அரசாங்கம்தான் விட்டுட்டாங்களே, நாங்களும் வைக்கலாந்தானே?" என்று கேட்டார். அவர் இன்னும் எதையும் ஊன்றியிருக்கவில்லை. கேட்டுவிட்டுச் செய்வோம் என்று பொறுத்திருந்தார். அந்தப் பொறுமை அவரைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்குப் பிறகு பசறை, தெமோதரை, லுணுகலை, அப்புத்தளை என்று போன இடமெல்லாம் இதே பேச்சைக் கேட்டேன். போனில் பார்த்த வீடியோவும் பஸ்ஸில் கேட்ட கதையும் பாதி வாசித்த செய்தியும் சேர்ந்து, வேலையில்லாத பிள்ளைகளின் மனதில் ஒரு நப்பாசையை வளர்த்திருக்கின்றன. அவர்களும் அவர்களுடைய அம்மாமாரும் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதுகிறேன்.

அரசாங்கம் கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

அனுமதி யாருக்கு, எதற்கு என்று பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் வாசிக்கப்பட்ட 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடும் சாத்தியத்தை ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்று அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். இராஜாங்க அமைச்சராக இருந்த டயானா கமகே அதற்கு முன்பிருந்தே இதைப் பற்றி ஓயாமல் பேசி வந்தவர். ஆட்சி மாறிய பின்பும் பேச்சு நிற்கவில்லை. 2025 ஓகஸ்டில், முதலீட்டுச் சபையின் ஊடாக 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு மீரிகமவில் 64 ஏக்கரில் பயிரிட அனுமதி கொடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. விளைவது முழுவதும் ஏற்றுமதிக்கு. நாட்டுக்குள் ஒரு இலைகூட விற்பனைக்கு வரக்கூடாது.

நிபந்தனைகளையும் பாருங்கள். ஒவ்வொரு முதலீட்டாளரும் குறைந்தது 50 இலட்சம் டொலர் கொண்டு வர வேண்டும். அதற்கு மேல் 20 இலட்சம் டொலரை மத்திய வங்கியில் பிணையாக வைக்க வேண்டும். டொலருக்கு 300 ரூபாய் என்று கணக்குப் போட்டால் அந்தப் பிணை மட்டும் 60 கோடி ரூபாய். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் ஒரு தொழிலாளி ஒரு நாளும் விடாமல் பெயர் போட்டாலும், அந்தத் தொகை சேர ஆயிரத்து இருநூறு வருடம் போகும். அந்த அனுமதியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு எதுவும் இல்லை. வாசலில் செடி வைக்க எவருக்கும் அது உரிமை தரவில்லை. "விட்டுட்டாங்க" என்ற ஒரு சொல்லை நம்பி யாரும் சிறைக்குப் போய்விடக் கூடாது.

ஒரே ஒரு செடிதானே, அதுகூடக் குற்றமா?

குற்றம்தான். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அமைச்சரின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கஞ்சாச் செடியை விதைக்கவோ நடவோ வளர்க்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று அது சொல்கிறது. இத்தனை செடி வரை பரவாயில்லை என்ற சலுகை அதில் கிடையாது. சட்டியில் நிற்பதும் சேனையில் நிற்பதும், வெயிலில் வளர்ந்ததும் விளக்கில் வளர்ந்ததும் சட்டத்துக்கு ஒன்றுதான். 1984இல் வந்த திருத்தம் இந்தச் சட்டத்தை மிகவும் கடுமையாக்கியது. 2022இல் 'ஐஸ்' போதைப்பொருளுக்காக இன்னொரு திருத்தம் வந்தது. கஞ்சாவைத் தளர்த்தும் திருத்தம் எதுவும் தோட்டத்து மனிதரை எட்டும் வகையில் வரவில்லை.

ஐக்கிய நாடுகள் சபையே கஞ்சாவை நீக்கிவிட்டது என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி வியன்னாவில் வாக்கெடுப்பு நடந்தது உண்மை. 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன. 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சா எடுக்கப்பட்டது, அதன் மருத்துவப் பயனை ஆராய வழி திறந்தது. ஆனால் கட்டுப்பாட்டுக்குரிய பொருட்களின் முதலாவது பட்டியலில் அது அப்படியே இருக்கிறது. அந்த வாக்கெடுப்பினால் எந்த நாட்டுச் சட்டமும் தானாக மாறிவிடவில்லை.

சித்த மருந்தில் கஞ்சா இருக்கிறதே. அந்தக் காலத்துப் பெரியவர்கள் பாவித்ததுதானே?

சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் கஞ்சா சேரும் மருந்துகள் இருப்பது உண்மை. 'மதன மோதகய' என்ற பெயரைச் சிங்கள அயலவர்களிடம் கேட்டிருப்பீர்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தில் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் எல்லாம் அடங்கும். பதிவு பெற்ற வைத்தியர்களுக்கும் மருந்து செய்யும் நிறுவனங்களுக்கும் கஞ்சா கிடைப்பதற்கென்று அரச வழி ஒன்று இருக்கிறது. நீண்ட காலமாக அந்த வழியில் வந்தது நீதிமன்றங்களில் வழக்குப் பொருளாகக் கிடந்த கஞ்சாதான். பழசாகிப் பூஞ்சணம் பிடித்த சரக்கில் நல்ல மருந்து எப்படிச் செய்வது என்று வைத்தியர்கள் குறைப்படுவது நியாயம். அந்தக் குறையை நானும் ஏற்கிறேன், அதற்கு அரசு வழி காண வேண்டும்.

அது வைத்தியருக்கும் அரசுக்கும் இடையிலான விடயம். பதிவு இல்லாத ஒருவர் "மருந்துக்குத்தான் வைத்திருக்கிறேன்" என்று சொல்வதால் வழக்கு நின்றுவிடாது. சித்த வைத்தியர் கஞ்சாவை முறைப்படி சுத்தி செய்து, அளந்து, மற்றச் சரக்குகளோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார். பீடிக்குள் திணித்துப் புகைப்பதை எந்த வைத்தியரும் மருந்தென்று சொல்லவில்லை.

வீடியோவில் எல்லோரும் வீட்டுக்குள் விளக்கு வைத்துத்தானே வளர்க்கிறார்கள்?

அந்த வீடியோ எந்த நாட்டில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமாக இருக்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்தவர் ஒருவர் வீட்டில் 3 செடி வரை வைத்துக்கொள்ளலாம். தாய்லாந்து 2022 ஜூனில் கதவைத் திறந்தது. மூன்றே வருடத்தில், 2025 ஜூனில், மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று மறுபடி இறுக்கிக்கொண்டது. போனில் ஓடும் வீடியோக்களில் பெரும்பாலானவை இப்படியான இடங்களில் எடுத்தவை. அங்கே சட்டம் வேறு.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெயிலைப் பார்ப்போம். எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். கனடாவிலும் ஜெர்மனியிலும் டிசம்பரில் எட்டு மணி நேரம் பகல் இருந்தால் பெரிய காரியம். வெளியே பனி கொட்டும். அந்த ஊர்க்காரருக்குக் கீரை வளர்க்கவும் விளக்கு வேண்டும், தக்காளி வளர்க்கவும் விளக்கு வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்தவைதான் இந்த விளக்குகளும் கூடாரங்களும். பதுளை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறது. வருடம் முழுக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் பகல். உச்சி வெயிலில் நம் வாசலில் விழும் வெளிச்சம் சுமார் ஒரு இலட்சம் லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு. நன்றாக விளக்குப் போட்ட அறையில் அது சில நூறுதான். நமக்கு வெளிச்சமாகத் தெரியும் அறை செடிக்கு இருட்டு. வாசலில் இலவசமாகக் கொட்டும் வெயிலை விட்டுவிட்டு, பூட்டிய காம்பராவுக்குள் அதில் ஒரு துளியைக் காசு கொடுத்துச் செய்யப் பார்க்கிறோம்.

அந்த ஊதா நிறத்துக்கும் ஒரு வார்த்தை. இலை சிவப்பு வெளிச்சத்தையும் நீல வெளிச்சத்தையும் நன்றாக உறிஞ்சும், பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். ஆகவே சிவப்பும் நீலமும் மட்டும் தரும் எல்.ஈ.டி. விளக்குகளைச் செய்தார்கள், இரண்டும் கலந்து ஊதாவாகத் தெரிகிறது. அதில் மந்திரம் ஒன்றுமில்லை. சாதாரண வெள்ளை எல்.ஈ.டி.யிலும் இந்த இரண்டு நிறங்களும் இருக்கின்றன. தம்பி வாங்கிய விளக்கின் பெட்டியில் '1000 வாட்' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பிளக்கில் மாட்டி அளக்கும் சிறு மீற்றரை வைத்துப் பார்த்தோம். நூறு வாட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. விற்றவர் ஆயிரம் என்று போட்டதை நம்பித் தம்பி காசு கொடுத்திருக்கிறார். அந்தப் பணத்தை அவர் மூன்று மாதமாகச் சேர்த்திருந்தார்.

காம்பராவுக்குள் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

இதைக் கேட்ட பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்டேன்: உங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் கருவாடு பொரித்தால் உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்று சிரித்தார்கள். பல லயங்களில் சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு வீட்டு இருமல் ஆறு வீட்டுக்குக் கேட்கும். ஒரே தகரத்தின் கீழ் வாழும் இடத்தில் இரகசியம் என்று எதுவும் தங்காது. தெரிந்தும் சொல்லாமல் இருக்கும் அயலவரையும், காரணமே அறியாத பெற்றோரையும் அந்தச் செடி வழக்கில் மாட்டிவைக்கும்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. கரண்ட். பழைய லயங்களில் ஒரு இணைப்பிலிருந்து வயரை இழுத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த வயர் இரண்டு பல்புக்கும் ஒரு டீவிக்கும் போட்டது. ஒட்டு விட்ட இடத்தில் டேப் சுற்றியிருக்கும், டேப்பின் பசை காய்ந்திருக்கும். அதன் மேல் நாள் முழுக்க எரியும் விளக்கு, காற்றாடி, ஒரு மலிவு எக்ஸ்டென்ஷன் வயர், பக்கத்தில் தண்ணீர். மின் ஒழுக்கால் லயம் எரிந்தது என்ற செய்தியை மலையகத்தில் எத்தனை முறை வாசித்துவிட்டோம். கூரை ஒன்றாக இருப்பதால் ஒரு வீட்டில் பற்றியது வரிசை முழுவதையும் கொண்டுபோகிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் சீருடையும் அதோடு போகின்றன. ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில் எந்தப் பயிருக்காகவும் இரவுபகலாக விளக்கு எரிக்காதீர்கள்.

பில்லையும் கணக்குப் பாருங்கள். நூறு வாட் விளக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 36 அலகு. வீட்டுப் பாவனைக்கு மின் கட்டணம் படிப்படியாக ஏறும். 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் 60 அலகுக்கும் வேறு விலை வந்துவிடும். மாதம் 50 அலகு பாவிக்கும் வீடு 86க்குப் போனால் வரும் பில்லைப் பார்த்து அம்மா பதறிப்போவார். கொக்கி போட்டுக் கம்பியிலிருந்து இழுத்தால் அது திருட்டு, அதற்குத் தனி வழக்கு.

46 கிலோ 46 கோடி ரூபாய் என்று செய்தியில் போடுகிறார்களே. அப்படியென்றால் ஒரு செடிக்கே நல்ல காசு வருமே?

2025 மே மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் 46 கிலோ 'குஷ்' வகைக் கஞ்சா பிடிபட்டபோது அந்தத் தொகை செய்தியில் வந்தது. அது தெருவில் கிராம் கிராமாகப் பிரித்துக் கடைசி ஆளுக்கு விற்கும் விலையைப் பெருக்கி வந்த கணக்கு. வளர்ப்பவன் கைக்கு அது வருவதில்லை. கொழுந்து எடுப்பவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கொழும்புக் கடையில் ஒரு பெட்டி தேயிலைக்கு என்ன விலை, அந்தக் கொழுந்துக்கு உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு? கள்ளச் சந்தையில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. அங்கே தொழிற்சங்கமும் இல்லை, பொலிசில் முறையிடவும் முடியாது. வாங்கிக்கொண்டு காசு தராமல் போனவனை என்ன செய்வீர்கள்?

மொனராகலையில் காலங்காலமாகச் செய்கிறார்களே?

ஊவாவின் மற்றப் பாதி அது, நம் மாகாணம்தான். தணமல்வில, வெல்லவாய, சியம்பலாண்டுவ, ஹம்பேகமுவ என்ற பெயர்கள் கஞ்சாச் சேனைச் செய்திகளில் அடிக்கடி வருவது உங்களுக்குத் தெரியும். விசேட அதிரடிப்படை காட்டுக்குள் போகிறது, செடிகளைப் பிடுங்குகிறது, நீதிமன்றத்துக்கு மாதிரி எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே கொளுத்துகிறது. அடுத்த பருவத்தில் வேறொரு காட்டு மூலையில் மறுபடி சேனை.

அந்தச் சேனைகளில் பிடிபடுகிறவர் யார்? தண்ணீர் சுமந்தவர், காவல் இருந்தவர், களை பிடுங்கியவர். பணம் போட்டவர் வேறெங்கோ இருப்பார். யானைக்கும் பன்றிக்கும் அந்நியருக்கும் எதிராகக் கட்டுத் துவக்கு பொருத்தி வைப்பார்கள், அதில் காலை இழந்தவர்களில் அந்தக் கூலியாட்களும் உண்டு. நல்ல நாட்கூலி என்று கூப்பிட்டால் எங்கே, என்ன வேலை, யாருடைய காணி என்று மூன்று கேள்வி கேளுங்கள். காணி யாருடையது என்பதற்குப் பதில் வராவிட்டால் பஸ் ஏறாதீர்கள்.

லயத்துக்குப் பின்னால் தோட்டக் காணியில் யாரோ செடி வைத்திருந்தால், எங்களைப் பிடிப்பார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் லுணுகலைப் பக்கத்து அக்கா ஒருவர், ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவப் பொறுப்பாளர். மிகச் சரியான கேள்வி. காணி கம்பனியின் குத்தகையில் இருக்கிறது, வீட்டுக்கு உறுதி இல்லை, வேலிக்கும் எல்லை இல்லை. சட்டத்தில் கேட்கப்படுவது காணியின் உறுதியை அல்ல. அந்தச் செடி யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது, தெரிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் கேள்வி. ஆனால் உங்கள் கோழிக்கூட்டுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் நடுவில் செடி நின்றால், முதலில் கேட்கப்படுவது நீங்கள்தான். அப்படி ஒன்றைக் கண்டால் பிடுங்கி மறைக்கவோ கொளுத்தவோ போகாதீர்கள். தோட்டத் தலைவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடமோ பொலிசிலோ சொல்லிவிடுங்கள், சொன்ன திகதியையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரையாவது கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். பிடியாணை இல்லாமல் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்பது பொது விதி. போதைப்பொருள் வழக்கில் நீதவானின் உத்தரவோடு மேலும் சில நாள் தடுத்து வைத்து விசாரிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எடுத்த பொருள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போய் அறிக்கை வர வேண்டும், அது வரும்வரை தவணைக்கு மேல் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட்சம்பளம் போகும், பஸ் காசு போகும். 5 கிலோவுக்கு மேற்பட்டது மேல் நீதிமன்ற வழக்காகும்.

மொழி விடயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைத்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிசார் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கைதானபோது, கைது செய்த விதம் பற்றி மனித உரிமைகள் ஆணைக்குழுவும் ஐக்கிய நாடுகளின் நிபுணர்களும் கவலை தெரிவித்தார்கள். அடித்தார்கள், காரணமின்றி வைத்திருக்கிறார்கள் என்றால் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பல நாடுகள் வேலைக்கு முன் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கின்றன. ஒரு செடிக்காக ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டு வந்தவருக்கும் அந்தச் சான்றிதழில் அது வந்து நிற்கும்.

கனடாவில் இருக்கும் மாமா கஞ்சா எண்ணெயும் இனிப்பும் அனுப்பலாமா?

வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அங்கே கடையில் பில் போட்டு வாங்கியதாக இருந்தாலும் இங்கே வந்து சேர்ந்ததும் அது போதைப்பொருள். கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்கத்தார் பொதிகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பொதியில் இருப்பது உங்கள் பெயரும் முகவரியும்.

என் மகனுடைய பையில் சுருட்டிய பொட்டலம் ஒன்றைக் கண்டேன். நான் யாரிடம் போவது?

இந்தத் தாய் பதுளை பஸ் நிலையத்தில், கூட்டத்தின் நடுவே, வாயைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். மற்ற எந்தக் கேள்வியையும்விட இது என்னை வாட்டியது.

அம்மா, முதலில் அவனோடு பேசுங்கள். அப்பா குடித்துவிட்டு வந்திருக்கும் நேரத்தில் வேண்டாம், அயல் வீடு கேட்கும்படியும் வேண்டாம். எப்போதிருந்து, யாரோடு, ஏன் என்று கேளுங்கள். கஞ்சா மூலிகைதானே என்று அவன் சொல்லக்கூடும். இளம் வயதில் தொடங்குகிறவர்களுக்கு ஞாபகமும் படிப்பும் கெடுகின்றன. குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கு, காதில் குரல் கேட்பது, எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று நடுங்குவது போன்ற மனப்பிறழ்வு வரும் ஆபத்து கூடுதல். கஞ்சா விற்கிறவனே ஐஸ் விற்கிறவனாகவும் இருப்பது இன்னொரு ஆபத்து.

தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. மனநலத்துக்கான இலக்கம் 1926. பதுளைப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம். அங்கே மகனைக் குற்றவாளியாகப் பார்க்க மாட்டார்கள், நோயாளியாகப் பார்ப்பார்கள். சபையின் சிகிச்சை நிலையங்களில் நமக்குக் கிட்ட இருப்பது கண்டி. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் என்றே 2007இல் 54ஆம் இலக்கச் சட்டம் வந்தது. விருப்பத்தோடு சிகிச்சைக்குப் போகிறவருக்கு அதில் வழி இருக்கிறது. அந்தத் தாயின் மகன் சண்டை போட்டுக்கொண்டேனும் ஒரு நாள் அவரோடு கிளினிக்குக்குப் போனான். இரண்டாம் நாள் தானாகப் போனான்.

விளக்கை வாங்கிவிட்டேன். இனி அதை என்ன செய்வது?

ஹாலிஎலைத் தம்பியின் கேள்விக்குத் திரும்புகிறேன். விளக்கு குற்றமில்லை. ஆய்வுகூடங்களில் திசு வளர்ப்புச் செய்யும் நாற்றுகள் விளக்கடியில்தான் வளர்கின்றன. உருளைக்கிழங்குக் கன்றுகளைக் கண்ணாடிக் குப்பிக்குள், தட்டுத் தட்டாக, வெள்ளை டியூப் வெளிச்சத்தில் வளர்த்து எடுக்கும் முறை நாட்டில் பழகிப்போன ஒன்று.

நம் ஊரில் விளக்கு உண்மையாகக் கைகொடுக்கும் காலம் ஒன்றுதான். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, வடகீழ்ப் பருவமழை மலையை மூடிக்கொண்டு கிடக்கும் நாட்கள். அப்போது நாற்று மேடை வெயில் காணாமல் தவிக்கும். கோவாவோ சலாதோ முளைத்த மூன்றாம் நாளே வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீளும். வெள்ளையாக, நூலாக நீண்டு, ஒரு காலையில் எல்லாம் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து விவசாயிகள் மழை விட்டதும் நாற்றுக்கு ஓடுவார்கள். எல்லயில் விருந்தினர் விடுதிகள் வருடம் முழுக்கச் சலாது இலை வாங்குகின்றன. சந்தை கண்முன்னே இருக்கிறது.

ஓரடிக்கு ஈரடி அளவுள்ள ஒரு நாற்றுத் தட்டுக்கு இருபது வாட் வெள்ளை எல்.ஈ.டி. டியூப் இரண்டு போதும். இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்க வேண்டும். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும். கூரையில் கட்டிவிட்டால் வெளிச்சம் தரைக்கு வருவதற்குள் தேய்ந்துபோகும். ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் எரித்தால் மாதத்துக்குப் பதினேழு அலகு. தும்புத் தூளும் நன்கு மக்கிய கொம்போஸ்ட்டும் கலந்த கலவை. தண்ணீரைக் காலையில் மட்டும் விடுங்கள், இரவு ஈரம் நின்றால் நாற்றின் அடி அழுகும். பகலில் யன்னலைத் திறந்து காற்று விடுங்கள். மற்ற ஒன்பது மாதமும் விளக்கை அணைத்துவிட்டு, மழை மறைக்கும் பொலித்தீன் கூரை ஒன்று போட்டு வாசல் வெயிலில் வையுங்கள். இருட்டுக் காம்பராதான் இருக்கிறது என்றால் சிப்பிக் காளான் பைகள் நல்லது. அதற்குக் குளிர்ச்சியும் ஈரமும் சுத்தமும்தான் முக்கியம், யன்னல் வெளிச்சமே போதும். விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைத்தால் அருகில் உள்ள விவசாயப் போதனாசிரியரின் விபரம் கேட்கலாம். பயிற்சி எங்கே, விதை எங்கே என்று அவரிடம் விசாரியுங்கள்.

இதில் கோடி வராது. வயதான அம்மாவின் மருந்துக்கும் தங்கையின் டியூஷனுக்கும் வரும். இரவில் கதவு தட்டினால் பயப்படத் தேவையிருக்காது.

போன கிழமை தம்பியின் வீட்டுக்கு மறுபடி போனேன். ஊதா விளக்கு பெட்டிக்குள் இருந்தது. வயரை ஒரு எலக்ட்ரீசியனைக் கொண்டு மாற்றி ட்ரிப் சுவிச்சும் போட்டிருந்தார். பலகைத் தட்டின் மேலே இரண்டு வெள்ளை டியூப்கள், கீழே சலாது நாற்று. தட்டில் 104 குழி, 97இல் முளை கண்டிருந்தது. முளைக்காத ஏழு குழிகளையும் அவர் தீக்குச்சியால் மெதுவாகக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.